உதவித்தொகையா, உழைப்பின் கூலியா?

2024ஆம் ஆண்டு மீலாது கழிந்த சில நாட்களில், திருத்தணியைச் சேர்ந்த ஒரு சகோதரி தம் மகளை அழைத்துக்கொண்டு வந்து நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். அவர் அதை மஸ்அலா என்றாரே தவிர, கேட்கக் கேட்க, ஆகும் ஆகாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய விஷயம் அல்ல அது என்பது நமக்கு விளங்கிற்று.

அவருடைய கணவர் மலையடிவாரக் கடைத்தெருவில் வளையல் வியாபாரம் செய்தவர். ஆடிக் கிருத்திகைக்குத் திரளும் கூட்டத்தில் வருஷத்துக்கான பிழைப்பில் பாதியைத் தேடிக்கொள்வார். அவர் மவுத்தான பின் கடை கைமாறிவிட்டது. சர்க்கார் தரும் ஆதரவற்ற விதவை உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், ரேஷன் அரிசி, ரமளானில் நாலுபேர் கொடுக்கும் ஜகாத் என்று குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. இந்நிலையில் பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றும் வேலைக்கு அவரை அழைத்திருக்கிறார்கள். வாரக் கூலி. தறி ஓடினால், மாதக் கணக்கில் உதவித்தொகையைப் போல நான்கு மடங்குக்கு மேல் கிடைக்கும். ஓடாவிட்டால் ஒன்றும் கிடையாது.

“ஹஜ்ரத், வேலைக்குப் போய்விட்டு அந்தப் பணத்தையும் வாங்கினால் ஹராமா? அதை எழுதிக் கொடுத்து நிறுத்திவிட்டுப் போய், நாளைக்குத் தறி நின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு நான் என்ன செய்வேன்?”

இதைக் கேட்டதும் இரண்டு விதமான பதில்கள் நம் ஊர்களில் உடனே புறப்பட்டு வரும். “சர்க்கார் பணம்தானே, ஊரெல்லாம் வாங்குகிறது, நீ மட்டும் ஏன் விடவேண்டும்?” என்பது ஒன்று. “கொடுக்கும் கை மேலானது, வாங்கும் கை தாழ்ந்தது, உழைத்துச் சாப்பிடு” என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் ஈமானை லேசாக எண்ணுகிறார். இரண்டாவதைச் சொல்பவரோ, பெரும்பாலும், தம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு மூன்று வருஷமாகச் சம்பளம் கூட்டிக் கொடுக்காதவராக இருப்பார். அவரை மெச்சவும் நமக்கு மனம் வரவில்லை.

முதலில் இந்த உதவித்தொகை என்னவென்று பார்ப்போம். சென்னை ராஜ்யத்தில் 1962இல் மாதம் 20 ரூபாய் என்று முதியோருக்காகத் தொடங்கப்பட்டது இந்த ஏற்பாடு. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1960 ஏப்ரல் 1இல், திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து இந்த ராஜ்யத்தோடு சேர்ந்தது. விதவைகளுக்கென்று தனியான உதவித்தொகை 1975இல் வந்தது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயாக இருந்தது 1,200 ஆயிற்று. நாளொன்றுக்கு 40 ரூபாய்.

இதை வாங்குவது பிச்சையா? நிச்சயமாக அல்ல. கலீபா உமர் (ரலி) அவர்கள், கண் தெரியாத யூத முதியவர் ஒருவர் வீட்டு வாசலில் நின்று யாசிப்பதைக் கண்டு, கையைப் பிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மாலின் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவரைப் போன்றவரையும் கவனிக்கும்படி உத்தரவிட்டார்கள். இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இயலாதவரைத் தாங்குவது ஆட்சியாளரின் கடமை. அதைப் பெறுவது அவர்களுடைய உரிமை. ஆகவே இத்தனை நாள் வாங்கியதற்காக அந்தச் சகோதரி வெட்கப்பட வேண்டியதில்லை என்று முதலில் சொன்னோம். அதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது.

ஆனால் உரிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கபீஸா (ரலி) என்னும் ஸஹாபிக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூவருக்குத்தான் கேட்டு வாங்க அனுமதி என்று விளக்கினார்கள்: பிறர் கடனுக்கு ஜாமீன் நின்றவர், பொருளெல்லாம் அழிந்துபோன ஆபத்தில் சிக்கியவர், வறுமையில் வீழ்ந்தார் என்று அவருடைய மக்களில் அறிவுள்ள மூவர் சாட்சி சொல்லக்கூடியவர். அதுவும், தேவை தீரும் வரையில்தான். இன்று அந்தச் சாட்சியைக் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் எழுதுகிறார்கள். பிழைப்புக்கு வேறு வழி இல்லாதவர் என்பதுதான் அந்தச் சாட்சியத்தின் உயிர். அது மாறிய பிறகும் வாயை மூடிக்கொண்டு வாங்குவோமானால், நமக்காகச் சொல்லப்பட்ட சாட்சியத்தை நாமே பொய்யாக்குகிறோம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் நகரியிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அங்கும் பெண்கள் தார் சுற்றுகிறார்கள். 2024 ஜூலையில் ஆந்திர சர்க்கார் விதவை உதவித்தொகையை 4,000 ரூபாயாக உயர்த்திற்று. இதே கேள்வியை அந்த ஊர்ப் பெண் கேட்டிருந்தால், வேலையை விட்டுவிடு என்றுகூட அக்கம்பக்கத்தார் சொல்லியிருப்பார்கள். 1960இல் போட்ட எல்லைக் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு நியாயம், அந்தப்பக்கம் ஒரு நியாயம் என்று ஷரீஅத்தில் உண்டா? தொகையை எண்ணிப் பார்த்து எடுக்கும் முடிவு சந்தைக் கணக்கு. தேவை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதே மார்க்கத்தின் கேள்வி.

பேணுதலின் உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள், கேட்டுக் கேட்டு வாங்கியபின் பெருமானாரின் அறிவுரையைச் செவியுற்று, இனி எவரிடமும் எதையும் பெறுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரும் தத்தம் ஆட்சியில் அழைத்துக் கொடுத்த நியாயமான பங்கைக்கூட அவர்கள் கடைசிவரை வாங்கவில்லை. ஆனால் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்னைவிட ஏழைக்குக் கொடுங்கள் என்று தயங்கிய உமர் (ரலி) அவர்களிடம், கேட்காமலும் ஆசைப்படாமலும் வருவதை ஏற்றுக்கொள்ளும்படி சொன்னார்கள். இரண்டும் ஸஹீஹான ஹதீஸ்களே. ஹகீம் (ரலி) அவர்களின் வழி அவர்கள் தமக்கென்று தேர்ந்துகொண்டது. பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயின் தலையில் அதை நாம் ஏற்றி வைக்க முடியாது.

கோடரி ஹதீஸை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதை முழுமையாகச் சொல்பவர்கள் குறைவு. யாசிக்க வந்த அன்ஸாரியிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் போய் உழை என்று வெறுமனே சொல்லி அனுப்பிவிடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறதென்று விசாரித்தார்கள். ஒரு துப்பட்டியும் ஒரு குவளையும் இருந்தன. அவற்றைத் தாமே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். முதல் திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள், இரண்டாவதற்குத்தான் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் முபாரக்கான கரத்தாலேயே காம்பும் மாட்டினார்கள். பதினைந்து நாள் தவணையும் வைத்தார்கள். அவர் விறகு வெட்டிப் பத்துத் திர்ஹத்தோடு திரும்பி வந்தார்.

முதலில் உணவு, பிறகு கருவி, பிறகு தவணை. உழைப்பின் மேன்மையைப் பேசுகிற நாம் காம்பு மாட்டிக் கொடுத்திருக்கிறோமா?

அந்தச் சகோதரியின் அச்சம் சோம்பலால் வந்ததல்ல. மின்சாரம் போனாலோ நூல் விலை ஏறினாலோ தறி நிற்கும் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நிறுத்திய உதவித்தொகையைத் திரும்பப் பெறுவதற்கோ மறுபடியும் மனு, மறுபடியும் விசாரணை, மறுபடியும் தாலுகா ஆபீஸ் வாசல். நிச்சயமான நாற்பது ரூபாயை விட்டு நிச்சயமற்ற இருநூறுக்குப் போகத் தயங்குகிறவரைப் பேராசைக்காரர் என்று எப்படிச் சொல்வது?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால் மறந்த குழந்தைக்கே பைத்துல்மாலிலிருந்து மானியம் என்று ஒரு விதி இருந்தது. ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவல் இருந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு அதன் தாயிடம் மூன்று முறை போனார்கள். அவள் அவர்களை யாரென்று அறியாமல், உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தானே கொடுக்கிறார், அதனால் சீக்கிரமே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று பஜ்ரு தொழுகையில் அவர்களுடைய அழுகையால் கிராஅத்தே விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் என்று அறிவிக்கச் செய்தார்கள். அந்தத் தாயை அவர்கள் ஏசவில்லை. தம்முடைய விதியையே குற்றம் சொன்னார்கள். ஒரு விதி மனிதரை உழைப்பதற்கு அஞ்சச் செய்யுமானால், அந்த அச்சத்தில் விதிக்கும் பங்குண்டு.

நம் பிக்ஹு இந்த இடத்தில் எவ்வளவு நுட்பமாக இருக்கிறது, பாருங்கள்! கஹ்பு அத்தியாயத்தில் கடலில் உழைத்துப் பிழைத்தவர்களைப் பற்றி வருகிறது. அவர்களுக்கு மரக்கலமே இருந்தும் குர்ஆன் அவர்களை மிஸ்கீன்கள் என்றே குறிக்கிறது. இதைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள், வருமானம் இருந்தும் அது போதாதவர் மிஸ்கீனே, அவருக்கு ஜகாத்தில் பங்குண்டு என்று விளக்கினார்கள். ஹனபி மத்ஹபிலோ நிஸாப் அளவு சொத்தில்லாதவர், உடலில் வலுவுள்ளவராயினும், அவருக்குக் கொடுக்கும் ஜகாத் நிறைவேறும். ஆக, வேலைக்குப் போன மறுநாளே ஒரு விதவையின் பெயரை ஜகாத் பட்டியலிலிருந்து அடித்துவிடும் ஜமாஅத்துகள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகின்றன என்று நமக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போவதே ஒரு பெண்ணுக்குக் குறைவு என்று அவருடைய உறவினர் ஒருவர் சொன்னாராம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, வந்ததை ஸதகா செய்தவர்கள். இதற்கு மேல் அந்த ஆட்சேபனைக்குப் பதில் தேவையில்லை.

முடிவில் நாம் அந்தச் சகோதரிக்குச் சொன்னது இது. வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் கூலி நிலைக்குமா என்று தெரியாத காலம். தேவை அப்போது தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதை மறைக்காதீர்கள். விசாரணைக்கு வருகிறவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கூலி நிலைத்து, வீடு அதிலேயே நடக்கத் தொடங்கிய மாதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் கணக்கில் வந்து விழும் பணம் உங்களுடையதல்ல. அதை ஸதகா செய்து நன்மை தேடவும் வழியில்லை; ஆபீசில்தான் சேர்ப்பிக்க வேண்டும்.

அதே ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியிடமும் பேசினோம். தறி நிற்கும் வாரங்களில் அந்த வீட்டுக்கு ஜமாஅத் பொறுப்பேற்குமா என்று கேட்டோம். ஒருவருக்குச் செய்தால் பத்துப்பேர் வருவார்களே என்றார். வரட்டுமே என்றோம். நெடுநேரம் யோசித்து, ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ரஜப் மாதத்தில் அந்தச் சகோதரி மறுபடியும் வந்தார். மகள் கையால் எழுதிய மனு அவரிடம் இருந்தது. ‘எனக்கு இனி உதவித்தொகை தேவையில்லை’ என்று அதில் இருந்தது. நாம் ஒரே ஒரு திருத்தம் சொன்னோம். ‘இனி’ என்பதை அடித்துவிட்டு, ‘தற்சமயம்’ என்று எழுதச் சொன்னோம்.