அச்சத்தின் அளவு

அச்சம் என்பது உயிர்கட்கெல்லாம் இயல்பு. அளவோடு நிற்கும்போது அது நம்மைக் காக்கும் காவலன். அளவு கடந்துவிட்டாலோ, அதுவே மற்றொரு நோய்.

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் 'நிபா' என்னும் வைரஸ் நோய் தோன்றிற்று. 1998-ல் மலேசியாவில் தலைகாட்டிய இந்நோய் கொடியது என்பதில் ஐயமில்லை. ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இதற்கு இன்றளவும் இல்லை. கேரளத்தில் அவ்வாண்டு 17 பேர் மாண்டனர். நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் செவிலியும் அவர்களுள் ஒருவர்.

அந்நாளில் மக்கள் அஞ்சியதைக் குறை கூறுதல் முறையன்று. ஆயின் அவ்வச்சம் சென்ற வழி யாது? மருத்துவமனைச் செவிலியரோடு ஒரே பேருந்தில் அமரவும் சிலர் தயங்கினர் என்று செய்திகள் வந்தன. பிறருயிர் காக்கத் தம்முயிரைப் பணயம் வைத்தவரையே விலக்கினால், நாளை நம் படுக்கையருகே நிற்பவர் யார்?

உண்மையில் இக்கிருமி வழிச்செல்வோரையெல்லாம் பற்றுவதன்று. பழந்தின்னி வௌவால்களின் உடலில் உறைவது. மனிதரிடையே, நோயுற்றவரின் எச்சில் முதலிய உடல்நீர் படுமாறு நெருங்கியிருப்போரையே பெரும்பாலும் பற்றுவது. ஆதலின், நோயாளிகளோடு பழகிய ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கண்டறிந்து கண்காணித்தனர். ஜூன் மாத இறுதிக்குள் நோய் அடங்கிற்று. அதனை அடக்கியது பீதியன்று, அறிவும் ஒழுங்குமே.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. வெறிநாய்க்கடி நோயும் வைரஸால் வருவதே. அதன் குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். கடித்த உடனே காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி, முறைப்படி தடுப்பூசி இட்டுக்கொண்டாலோ அது வாராமலே காக்கலாம். எனினும், தொலைவிலுள்ள நோயின் பெயர் கேட்டு உறக்கமிழப்பவரும், நாய் கடித்தால் "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாளாவிருப்பதைக் காண்கிறோம். நாம் அஞ்சுவது ஆபத்தின் அளவுக்கன்று; அதன் புதுமைக்கே போலும்!

அன்பர்களே! பல ஊரினர் ஒன்றுகூடும் திருவிழாக்காலத்தில் நோயைப் பற்றிய வதந்தியும் விரைந்து பரவும். அத்தகைய செய்தி செவிப்படும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோமாக: "இவ்வச்சம் என்னைக் கை கழுவவும், காய்ச்சல் கண்டால் மருத்துவரை நாடவும் தூண்டுகிறதா? அன்றி, நோயுற்றவன் வீட்டுப் பக்கமே திரும்பாதிருக்கச் செய்கிறதா?" முன்னது விவேகம், போற்றத்தக்கது. பின்னது உடலைக் காப்பதாகச் சொல்லி உள்ளத்தின் ஈரத்தை உலர்த்துவது, விலக்கத்தக்கது.