பேதுரு தூங்கினான், சபை விழித்திருந்தது



ஜெபக்குறிப்புச் சீட்டுகளில் தாய்மார்கள் திரும்பத் திரும்ப எழுதுகிற காரியம் ஒன்று உண்டு. "பையன் காலையில எழும்பவே மாட்டேங்கிறான் பாஸ்டர், சோம்பல் ஆவி விலக ஜெபியுங்கள்." பிள்ளைக்கு வயது பதினைந்து, பதினாறு. நாமும் உடனே நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்து எறும்பைக் காட்டிவிடுகிறோம். ஆனால் தூக்கம் பாவமா? நிதானித்துப் பாருங்கள். பாவமல்லாத ஒன்றைப் பாவம் என்று சொல்லிச் சொல்லி ஒரு பிள்ளையின் மனச்சாட்சியைக் காயப்படுத்தினால், அதற்கு யார் கணக்குக் கொடுப்பது?

வேதம் சோம்பேறி என்று சொல்வது, அறுப்பு நேரத்திலும் 'இன்னும் கொஞ்சம்' என்று கையை முடக்கிப் படுத்திருக்கிறவனை. இராத்திரி பன்னிரண்டுக்குப் படுத்து, நாலு மணிக்கு எழுப்பப்படுகிற பிள்ளை சோம்பேறி அல்ல, களைத்துப்போனவன். சூரைச்செடியின் கீழே எலியா படுத்துத் தூங்கினானே, தேவதூதன் அவனைத் திட்டினானா? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்! தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேப் மட்டும் நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான் (1 இராஜா. 19).

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூக்கத்துக்குச் சரீரத்தை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன், பருவ வயதில் இரவு பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஒன்பது மணிக்குப் படு என்றால் புரள்கிறான், காலையில் கட்டைபோல் கிடக்கிறான். அது பிசாசு அல்ல, வயசு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, இந்த வயதினரின் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. கலிபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதுவே சட்டம். நம்ம ஊரிலோ ஐந்து மணிக்கே டியூஷன்! நாலு மணிக்கு எழ வேண்டுமானால் இரவு எட்டுக்கே தூங்கியிருக்க வேண்டும். எந்த வீட்டில் நடக்கிறது? பகலில் படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம்தான் வேண்டும். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பைக் கூட்டுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் சுமக்கிற கதைதான்.

வாலிபத் தம்பி, தங்கச்சி, இதை வாசித்துவிட்டு அம்மாவிடம் ரொம்பச் சிரிக்காதே. போர்வைக்குள் போனை ஒளித்துவைத்து ஒரு மணி வரை ரீல்ஸ் பார்ப்பது விழித்திருப்பதும் அல்ல, இளைப்பாறுவதும் அல்ல. அந்த வெளிச்சமே தூக்கத்தை இன்னும் தள்ளிப்போடுகிறது. பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லா போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், அப்பாவுடையதும்தான். (படுக்கையிலிருந்து வாட்ஸ்அப்பில் சாட்சி அனுப்பும் தகப்பன்மாரே, கேட்கிறதா?)

நம் முழு இரவு ஜெபத்தையும் பேசாமல் விடக்கூடாது. துரோவாவில் பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். அங்கே அநேக விளக்குகள் எரிந்ததையும் லூக்கா எழுதிவைக்கிறான். விளக்கு இருந்தும் தூக்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பையனைப் பற்றி ஒரு கண்டன வார்த்தைகூட அவன் எழுதவில்லை. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டான்.

அப்படியானால் "விழித்திருங்கள்" என்று ஆண்டவர் சொன்னது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கெத்செமனேயில் பேதுரு தூங்கினதற்காகக் கண்டிக்கப்பட்டான். ஆண்டவர் கேட்டது ஒரு மணி நேரம், அதையும் அவன் கொடுக்கவில்லை. அதே பேதுரு அப்போஸ்தலர் 12-ல் மறுபடியும் தூங்குகிறான். யாக்கோபை ஏரோது பட்டயத்தால் கொன்றாயிற்று, அடுத்தது இவன். விசாரணைக்கு முந்தின இராத்திரி, இரண்டு சங்கிலிகள், இரண்டு பக்கமும் சேவகர். தூதன் விலாவில் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவு தூக்கம்! அதற்காக ஒரு கண்டிப்பும் இல்லை. தன் ஜீவனை யார் கையில் கொடுத்திருக்கிறோம் என்று அறிந்தவனுடைய தூக்கம் அது என்றே நான் நம்புகிறேன். அந்த இரவில் விழித்திருந்தது யார்? மரியாளின் வீட்டில் கூடியிருந்த சபை.

பரீட்சைக்கு முந்தின இரவில் நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை விழித்திருக்கிறது, ஜெபிக்க வேண்டிய நாம் தூங்குகிறோம்.

ஆகவே பெற்றோரே, பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளின் பெயரையும் தேர்வு நாட்களையும் சீட்டில் எழுதி மூப்பர்களிடம் கொடுங்கள். இரவு ஜெபத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபிப்போம். நீங்கள் தவறாமல் வாருங்கள். பிள்ளைகளைப் படுக்க வைத்து, துணைக்குப் பாட்டியையாவது வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.