கற்கத் தூண்டுவது எது?

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகும்போது நம்மிடம் ஆர்வத்திற்குக் குறைவில்லை. சில திங்கள் சென்றதும் அது தளர்ந்துவிடுகிறது. 'நமக்கு ஆற்றல் இல்லை' என்று அப்போது முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு சரிதானா?

973-இல் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, நாற்பது வயதைக் கடந்த பின்னரே சமஸ்கிருதக் கல்வியில் ஆழ்ந்தார். ஒரு பொருளுக்குப் பல சொற்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள். நாவுக்குப் பிடிபடாத ஒலிகள். இத்தொல்லைகளை, 1030-ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றித் தாம் எழுதிய நூலில் அவர் ஒளிக்காமல் குறித்திருக்கிறார். ஆயினும் ஏடுகளைத் தேடிப் பொருளையும் உழைப்பையும் செலவிட்டார்; பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கித் தந்தார்.

அவரைத் தாங்கி நின்றது எது? பிறர் கூறுவதை அவர்கள் மொழியிலேயே அறிந்து, திரிக்காமல் உரைக்க வேண்டும் என்னும் நேர்மையே அன்றோ! ஆர்வம் வரும், போகும். பிறரைச் சரியாகப் புரிந்துகொள்ளும் கடமையோ நம் மனநிலைக்கேற்ப மாறுவதில்லை.

எனவே, ஆர்வம் குன்றும் நாளில் நம் திறமையை ஐயுற வேண்டாம். யாருடைய பேச்சைப் புரிந்துகொள்ளப் புகுந்தோம் என்பதை எண்ணிப் பார்ப்போம். அன்றைய பாடத்தைப் படித்து முடிக்க அந்த நினைவு போதும்.