மூன்று காலி இடங்கள்

கானாவில் ட்ரோட்ரோ என்கிற வேன் நேரம் பார்த்துப் புறப்படுவதில்லை. நிரம்பினால் புறப்படும். காலனி நாட்களில் மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கியதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். ஓட்டுநர் ஒருவர், கதவோரம் நின்று ஊர்ப் பெயரைக் கூவிக் காசு வாங்கும் பையன் ஒருவன் - அவனுக்கு ‘மேட்’ என்று பெயர், கண்ணாடியில் ஒரு பக்தி வாக்கியம். நடைபாதையிலும் மடக்கு இருக்கைகளை விரித்துவிட்டால் ஒருவர் இறங்க நால்வர் எழ வேண்டும். இந்த வண்டியில் போன ஒரு பிரயாணம் எனக்குள் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. அது இன்னும் தீரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

கானா சுதந்திரமடைந்த 60ஆம் ஆண்டு நாள், 2017 மார்ச் 6, திங்கட்கிழமையில் வந்தது. சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. நான் அப்போது குமாசிக்கு வெளியே ஒரு பள்ளியில் சம்பளமில்லாத கணக்கு வாத்தியார். ஊரில் வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு தொண்டு அமைப்பு மூலமாகப் போயிருந்தேன். விடுமுறையில் கேப் கோஸ்ட் கோட்டையைப் பார்த்து வரலாமென்று சனிக்கிழமை விடியுமுன் குமாசி வண்டி நிலையத்தில் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. ஒரு போதகர் ஏறி ஜெபம் செய்து, காணிக்கை வாங்கிக்கொண்டு இறங்கினார். தலையில் பாத்திரம் சுமந்த பெண்கள் ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாக்கெட் விற்றார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மாள், மடியில் துணி மூட்டை. சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் வாங்கி, நான் கேளாமலே பாதியை என் கையில் வைத்தார். ஓட்டுநரைத் திட்டினார். நானும் திட்டினேன். வழக்கமாகத் தெருவில் குழந்தைகள் என்னை ‘ஒப்ரோனி’ என்று கத்துவார்கள். வெள்ளையன், கடல் தாண்டி வந்தவன் என்று அர்த்தம். என் கறுப்பை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அந்த இரண்டு மணி நேரம் மட்டும் நான் ஒப்ரோனியாக இல்லை; காத்திருப்பவர்களில் ஒருவனாக இருந்தேன்.

கடைசியில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. வெயில் ஏறிவிட்டது. மேட்டைக் கூப்பிட்டு அந்த மூன்று இடங்களுக்கும் பணத்தைக் கொடுத்தேன். அங்கே இது நடக்கிற காரியம்தான். ஊரில் ஒரு சாயங்காலம் ஓட்டலில் செலவழிக்கிற காசு. வண்டி உடனே புறப்பட்டது. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். அம்மாள், “கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும், மாஸ்டர்” என்றார். அதுவரை என்னை மாஸ்டர் என்று சொன்னதில்லை. கேப் கோஸ்ட் வரை அதற்குப் பிறகு என்னிடம் ஓட்டுநரைத் திட்டவும் இல்லை.

குமாசியை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. ரோட்டோரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னும் இரண்டு பேர். மேட் அவர்களை ஏற்றி, காலி இடங்களில் உட்காரவைத்து, காசு வாங்கினான். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “அது நான் பணம் கொடுத்த இடம்” என்றேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “வண்டி புறப்படத்தான் நீங்கள் பணம் கொடுத்தீர்கள். புறப்பட்டுவிட்டதே.”

அவன் தர்க்கத்தில் குறையில்லை. குறை என் கோபத்தில் இருந்தது. எல்லோருக்குமாகக் கொடுத்தேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தது உண்மையானால், அந்த இடத்தில் ஒரு தாய் உட்கார்ந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காலியிடம் காலியாகவே இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒன்று விரும்பியது. அது இருந்தால்தான் என் கொடை கண்ணுக்குத் தெரியும்.

இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவில், குவெர்னவாகாவில், தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். 1974இல் வெளியான சக்தியும் சமத்துவமும் பற்றிய சிறு நூலில் இன்னொன்று சொன்னார்: வேகம் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், ஒருவன் மிச்சம் பிடிக்கும் நேரம் இன்னொருவன் இழக்கும் நேரம்தான். இரண்டையும் ஊரிலிருந்தபோதே படித்து, தலையாட்டியிருந்தேன். தலையாட்டுவது சௌகரியமான காரியம். ஆனால் முதல் வாதம் என் அனுபவத்தில் நிற்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் உதவப் போகவில்லை, பார்க்கத்தான் போனேன். அப்படியும் பையிலிருந்த காசு என்னை உபகாரியாக்கிவிட்டது. உதவுபவன், பார்வையாளன் என்று இல்லிச் பிரித்த இரண்டு பேரும் ஒரே சட்டைப் பையைத்தான் உபயோகிக்கிறார்கள்.

அந்தச் சாலை அசின் மான்ஸோ வழியாகப் போகிறது. கடற்கரைக் கோட்டைகளுக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்ட அடிமைகளைக் கடைசியாகக் குளிக்கவைத்த ஆறு அங்கே இருக்கிறது. ஜமைக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டு அடிமைகளின் எலும்புகளை 1998இல் திரும்பக் கொண்டுவந்து அங்கே புதைத்திருக்கிறார்கள். வண்டி அங்கே நிற்கவில்லை.

கேப் கோஸ்டில் ஸ்வீடன்காரர்கள் 1653இல் கட்டத் தொடங்கியதை 1664இல் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். ஆண்களை அடைத்துவைத்த நிலவறைக்கு மேலே பிரார்த்தனைக் கூடம். கடல் பக்கத்து வாசலுக்கு ‘திரும்ப முடியாத வாசல்’ என்று பெயர். வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே வாசலின் மேல் ‘திரும்பி வரும் வாசல்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கப்பால் மீனவர்கள் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கும்பலை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த வியாபாரத்தோடு என் மூன்று டிக்கெட்டை ஒப்பிடுவது ஆபாசம், ஒப்பிடவில்லை. ஆனால் அந்தப் பிரார்த்தனைக் கூடத்தின் கீழ் நின்றபோது ஒன்று தெரிந்தது. மேலே மண்டியிட்டவர்களில் சிலராவது மனதாரத்தான் மண்டியிட்டிருப்பார்கள். மனதாரச் செய்தேன் என்பது எதற்கும் சாட்சியாகாது.

திங்கட்கிழமை திரும்பும்போது நிலையத்தில் கொடிகளும் சீருடைப் பிள்ளைகளும். மறுபடியும் நிரம்பாத வண்டி. இம்முறை நான் பணம் எடுக்கவில்லை. மூன்று மணி நேரமாயிற்று. இது பிராயச்சித்தம் என்று ஒரு கணம் நினைத்து வெட்கப்பட்டேன். மற்றவர்கள் காத்திருந்தார்கள், நான் காத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டும் ஒன்றல்ல. எந்த நிமிஷமும் எழுந்து போகக்கூடியவன் காத்திருப்பதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு குமாசி வந்து சேர்ந்தோம். பள்ளியைப் பற்றி அன்றைக்குத்தான் சரியாக யோசித்தேன் என்று தோன்றுகிறது. அங்கே கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. அதனால்தான் நான் போனேன். ஒன்றரை வருஷமாகியும் அது தாளில் காலியாகவே இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் யாரையும் போட வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. சம்பளம் கேட்டு வரக்கூடிய ஒருவரின் இருக்கையில் சம்பளம் வேண்டாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். ட்ரோட்ரோவில் என் காலியிடத்தில் ஆளை ஏற்ற ஒரு மேட் இருந்தான். இங்கே அதுவும் இல்லை.

மறுவாரம் தலைமையாசிரியரிடம், என் காலத்தை நீட்டிக்க வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். யார் வருவார்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின் அவரிடமிருந்து தகவல் வந்தது. இரண்டு பருவம் யாரும் வரவில்லை. மூன்றாம் பருவத்தில் ஒரு பெண் ஆசிரியையை நிரந்தரமாக நியமித்தார்கள். என் வாதம் நிரூபணமாகிவிட்டது என்று முதலில் தோன்றியது. பிறகு அந்த இரண்டு பருவம் நினைவுக்கு வந்தது. ஆசிரியரில்லாத வகுப்பில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பலரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். காத்திருந்தவர்கள் அவர்கள். புறப்பட்டது நான்.