முதலில் யாரிடம் கேட்பது?

வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. சாவியோ கத்தியோ, கிட்ட இருந்தது எதுவென்றாலும் சரி. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலும் அது தானாகவே அடங்கும். நான் யோசிப்பது வேறொன்றை. அடங்கிய பிறகு, "உனக்கு உள்ளே என்ன நடந்தது?" என்று அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மொன்றியலில் அந்தக் கேள்வியே சிகிச்சையின் மையமாயிற்று. மக்கில் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிறுவகம் 1934இல் திறக்கப்பட்டது. அதை நிறுவிய வைத்தியர் வில்டர் பென்ஃபீல்ட், நோயாளர் விழித்திருக்கையிலேயே மூளையைத் திறந்தார். தலைத்தோலுக்கு மரத்துப்போகும் ஊசி. மூளைக்கோ வலி தெரியாது. மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, பதில் வந்த இடத்தில் இலக்கமிட்ட சிறு கடதாசித் துண்டை வைத்தார். ஒருவருக்கு விரல் துடித்தது, இன்னொருவருக்கு நாக்குக் கூசியது, சிலருக்குப் பழைய பாட்டுக் கேட்டது. சிலருக்கு வலிப்பின் முன்னறிகுறியே எழுந்தது.

ஒருவர் அஞ்சி வாழும் ஒன்றை வேண்டுமென்றே வரவழைப்பது சரியா? நோயாளரின் சம்மதம் வேண்டும் என்பது தெரிந்ததே. எனக்கு அதைவிட முக்கியமாய்ப் படுவது, அங்கே அவர் சாட்சியாகவும் இருக்கிறார் என்பது. மின்சாரம் கொடுத்தால் நோயில்லாத இடமும் துடிக்கக்கூடும். "இதுதான், எனக்கு இப்படித்தான் தொடங்கும்" என்று அவர் சொல்லும்போதே அந்த இடத்துக்குப் பொருள் வருகிறது. மின்சாரத்தால் கை அசைந்தபோது, அசைத்தது தாங்களல்ல, வைத்தியர்தான் என்று நோயாளர்கள் சொன்னதாகப் பென்ஃபீல்ட் எழுதியிருக்கிறார். எது தன்னுடையது, எது இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடுகளில் இந்தச் சாட்சியின் வாயைத்தான் முதலில் மூடுகிறோம். காரணம் கலியாணம். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்திலேயே வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறியது, வாசலில் விசாரிப்பது மாறவில்லை.

இங்கே ஒரு மருத்துவமனையில், புதிதாக வந்த மருமகள் ஒருத்திக்காக மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மாமியார் முந்திக்கொண்டார்: "பிள்ளைக்கு ஒண்டுமில்லை, தலைச்சுத்துத்தான்." அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன், மாற்ற எனக்கு உரிமையில்லை. வைத்தியரின் அடுத்த கேள்வியை மருமகளைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "வயித்துக்குள்ள இருந்து ஏதோ ஏறி வரும். அப்ப எனக்குத் தெரியும்" என்றாள். வைத்தியர் பேனாவை எடுத்தார்.

மாமியாரை நான் கெட்டவர் என்று நினைக்கவில்லை. மறைத்தது மருமகளைக் காப்பாற்றவும்தான். நினைவு தப்பும் வலிப்பில், வெளியே நடந்ததைச் சொல்ல வீட்டாரின் கண்களும் வேண்டும். ஆனால் அவர்கள் இரண்டாவது சாட்சி.

இன்று சிறு மின்துடிப்புகளை அனுப்பி, மூளை தரும் பதிலிலிருந்து வலிப்பு நெருங்குவதை முன்கூட்டியே அறிய ஆய்வுகள் நடக்கின்றன. அவை கைகூடினால், எச்சரிக்கை யாருடைய தொலைபேசியில் முதலில் ஒலிக்க வேண்டும்? கணவனுடையதிலா, முதலாளியுடையதிலா? தெரிந்துகொள்ளும் உரிமையும் சொல்லாமல் விடும் உரிமையும் முதலில் அவளுக்கே. அவள் சொன்ன பிறகு மற்றவர்கள் அறிந்தால் போதும்.