முதல் சேலை யாருக்கு?



கிறிஸ்மஸ் திருநாளுக்கென்று பாளையங்கோட்டையிலிருந்து குடும்பமாய்ப் புறப்படுவீர்கள். 1843-ல் சுலோசன முதலியார் தம் கைப்பணத்தில் கட்டிய பாலத்தின் வழியே தாமிரபரணியைக் கடந்து, டவுன் ரத வீதிகளில் ஜவுளி எடுத்து, ஓட்டலில் சாப்பிட்டு, சாயங்காலம் இருட்டுக்கடை அல்வாவுக்குக் காத்து நிற்பீர்கள். குற்றமில்லை. நாசரேத்துத் திருக்குடும்பமும் வருஷந்தோறும் பாஸ்குத் திருநாளுக்கு எருசலேமுக்குப் போய்வந்ததன்றோ?

ஆனால் பிள்ளைகளின் தாய்க்குச் சேலை எப்போது எடுக்கிறீர்கள்? எல்லாருக்கும் வாங்கி மீந்த பணத்தில். மீராவிட்டால், "இருக்கிறதே போதும்" என்பாள். அதைத் தியாகமென்று புகழ்ந்து தப்பித்துக்கொள்கிறோம். இவ்வருஷம் அவளுக்கே முதலில் எடுங்கள். கடன் வாங்கியல்ல, உங்கள் சட்டையைக் குறைத்து.

வீட்டுக்குக் காவலிருக்கும் பாட்டிக்கும் கால் கிலோ அல்வா வாங்கி வாருங்கள். கோதுமைப்பாலில் கிண்டியதுதானே, பல் வேண்டியதில்லை.