முன்கோபிக்கு ஒரு நியாயம், சிடுமூஞ்சிக்கு ஒரு நியாயமா?

 

கோபக்காரங்களைச் சொல்ல நம்மகிட்ட எத்தனை சொல் இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? யோசிக்கிறதுக்கு முன்னாடியே கோபம் வந்துட்டா முன்கோபி. எரியற திரியில தண்ணி பட்டா 'சிடுசிடு'ன்னு சத்தம் வருமே, அதை முகத்துல ஒட்டவெச்சா சிடுமூஞ்சி. இதுல வெகுளிதான் விசித்திரம். திருக்குறள்ல 'வெகுளாமை'ன்னு ஒரு அதிகாரமே இருக்கு, அங்க வெகுளின்னா கோபம். இன்னைக்கு வெகுளின்னா சூதுவாது தெரியாதவர்!

ஆனா என்னை உறுத்துறது வேற. எங்க கூட்டேரிப்பட்டுலயும் சரி, நான் வேலை பார்க்கிற ஐடி ஆபீஸ்லயும் சரி, ஒரு ஆம்பளை கத்தினா "அவர் முன்கோபிப்பா, ஆனா மனசு தங்கம்"னு முடிச்சிடுவாங்க. கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும்னு பழமொழி வேற. ரொம்பக் கத்தினா துர்வாசர், அதாவது ரிஷி பட்டம். அதே கோபம் ஒரு பொண்ணுக்கு வந்தா? சிடுமூஞ்சி, அடங்காப்பிடாரி. பிடாரி யாருங்க? ஊரைக் காக்கிற அம்மன். பொங்கல் வெச்சுக் கும்பிடற சாமி பேரையே வீட்டுக்குள்ள வசவாக்கி வெச்சிருக்கோம்.

"நம்ம முருகனே பழத்துக்காகக் கோபிச்சுக்கிட்டவர்தானே"ன்னு சிலர் கேட்பாங்க. ஆமா, கோபிச்சுக்கிட்டார். யாரையும் திட்டலை, அடிக்கலை, பழனி மலைக்குப் போயிட்டார். சூரனோட போர் முடிஞ்சு அவர் கோபம் தணிஞ்ச இடம்தான் திருத்தணி. அதனாலதான் கந்த சஷ்டிக்கு மத்த கோயில்கள்ல சூரசம்ஹாரம் நடக்கும்போது அங்க புஷ்பாஞ்சலி. தணிஞ்சதுக்கு ஒரு படைவீடே இருக்கு பாருங்க.

சூரன் கதையும் நமக்குப் பக்கத்துலதான். கூட்டேரிப்பட்டுல திரும்பினா மயிலம். தோத்த பிறகு சூரன் மயில் வடிவ மலையா இருந்து தவம் பண்ணி, முருகனுக்கு வாகனமானான்னு தலபுராணம் சொல்லுது. "கோபக்காரன்தான், ஆனா மனசு தங்கம்"னு சூரனை யாரும் சும்மா விட்டுடலை. முதல்ல வேல், அப்புறம் தவம், அதுக்கப்புறம்தான் வாகனம். நம்ம வீட்டு முன்கோபிகளுக்கு மட்டும் தவம் இல்லாமலே வாகனப் பதவி கிடைச்சிடுது.

இப்பல்லாம் எங்க வீட்டுல யாராவது அடங்காப்பிடாரின்னு சொன்னா, "எந்த ஊர் பிடாரி?"ன்னு கேட்கிறேன். பாட்டி சிரிக்கிறாங்க. அப்பா இன்னும் பதில் சொல்லலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!